சவுக்கங்காடும் ஒரு திறப்பும்

பொன்னம்பலம் அண்ணை புத்தூரில் ஒரு கலியாணத்துக்குப் போய், வேறு கலியாணத்தில் சாப்பிட்டுவிட்டு வந்தார். எல்லாம் அங்கிருந்துதான் தொடங்கியது.

போகவேண்டிய மண்டபம் வீதிக்கு இந்தப் பக்கம். அவர் நுழைந்தது அந்தப் பக்கத்து மண்டபம். இரண்டு வாசலிலும் வாழைமரம், இரண்டிலும் மேளம். மனுஷன் நேரே போய்ப் பந்தியில் இருந்து, பாயாசம் வரைக்கும் சாப்பிட்டு, முன்பின் தெரியாத மாப்பிள்ளையின் கையைப் பிடித்து வாழ்த்தி, கொண்டுபோன சுவர் மணிக்கூட்டையும் கொடுத்துவிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு நெல்லியடிக்குத் திரும்பிவிட்டார். மாலையில் சொந்தக்கார மாப்பிள்ளையின் தாய் தொலைபேசியில் கூப்பிட்டு, ஏன் ஒருவரும் வரவில்லை என்று குறைப்பட்டபோதுதான் வீட்டில் விஷயம் வெளித்தது.

அவருடைய மனைவி பராசக்தி அக்கா எனக்கு அடுத்த வளவு. அன்றைக்கு அவர் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் நான் அடுப்பில் வைத்த பாலை மறந்துபோனேன். மகள் நிரோஜா கனடாவுக்குப் போனபிறகு அக்கா அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. கோயிலில் சொன்னார், சந்தையில் சொன்னார், மீன்காரனுக்கும் சொன்னார். அண்ணை பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டு இருந்தார்.

ஆனால் கதை தொலைபேசி வழியே ரொறன்ரோவுக்குப் போனதும் அதன் நிறம் மாறிவிட்டது. நிரோஜா சிரிக்கவில்லை. அப்பாவுக்கு மறதி தொடங்கிவிட்டது, இப்படித்தான் இந்த வருத்தம் முதலில் தலைகாட்டும், இனி அவரைத் தனியே வெளியில் விடாதேங்கோ என்று அழுதாளாம். அடுத்த நாள் காலை அண்ணையின் மோட்டச்சைக்கிள் திறப்பை, சாவி வளையத்தோடேயே, அக்கா பறித்து, தாலிக்கொடியில் தொங்கிய ஊசியில் கொழுவிவிட்டார். காலம் முழுக்க பஸ் ஓட்டிய மனுஷன், காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கவும் நடந்து போனார்.

மோட்டச்சைக்கிளை விற்பது என்றும் பேச்சு வந்தது. சந்திக் கடைக்காரர் தம்பிராசா அண்ணை இரண்டு தடவை வந்து ரயரை அமுக்கிப் பார்த்தார். மூன்றாம் தடவை அதில் ஏறி இருந்து கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிவிட்டுப் போனார். பொன்னம்பலம் அண்ணை போய் அந்தக் கண்ணாடியைப் பழையபடி திருப்பி வைத்ததை நான் என் வளவிலிருந்து பார்த்தேன்.

நான் சிவகௌரி. பிள்ளைகளுக்குப் புவியியல் படிப்பிக்கிறேன். எனக்குப் பொறுமை குறைவு என்று ஊரில் சொல்வார்கள். அதை அவர்கள் இழுத்து இழுத்துச் சொல்வதுதான் எனக்குக் கோபம். அந்த நாட்களில் நான் வேறொரு வேலையில் தலையைக் கொடுத்திருந்தேன். மணற்காட்டுச் சவுக்கங்காட்டில் ஒரு வரைபட ஓட்டம் நடத்துவது என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, அதற்கு வரைபடமே இல்லாமல் முழித்துக்கொண்டிருந்தேன்.

வரைபட ஓட்டம் என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. காட்டுக்குள் அங்கங்கே கொடி கட்டியிருக்கும். கையில் ஒரு வரைபடம், ஒரு திசைகாட்டி. ஒவ்வொரு கொடியையும் வரிசைப்படி கண்டுபிடித்து, அதில் தொங்கும் கலர்ப் பென்சிலால் தன் அட்டையில் ஒரு கோடு இழுத்துக்கொண்டு, நேரத்துக்குள் திரும்பி வரவேண்டும். ஓடலாம், நடக்கலாம், நின்று யோசிக்கலாம். யாரிடமும் வழி கேட்கக்கூடாது, யாரும் சொல்லவும் கூடாது.

விண்ணிலிருந்து எடுத்த படத்தில் அந்தக் காடு வெறும் பச்சைத் தீற்றலாக இருந்தது. ஆகவே சனி ஞாயிறு எல்லாம் நானே நடந்து வரைந்தேன். சவுக்கு நிரைகள், உழவுயந்திரம் போகிற மணல் பாதை, தூர்ந்த கிணறு ஒன்று, மணல் மேடுகள். மேடுகள்தான் என் உயிரை வாங்கின. மாரிக்கு முன் வரைந்த மேடு தை மாதம் போய்ப் பார்த்தால் தள்ளிப் போயிருந்தது. அழித்து அழித்து வரைந்ததில் தாள் ஓட்டை விழுந்தது. அனுமதி தந்த வனத் திணைக்கள அதிகாரி, மரம் வெட்டுவீர்களா, நெருப்பு மூட்டுவீர்களா என்றெல்லாம் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு கேட்டுவிட்டு, கடைசியில் தானும் ஓடலாமா என்று கேட்டார்.

கொடிகளைத் தைத்துத் தந்தவ எங்கள் ஊர்த் தையல்காரி குணலட்சுமி. சிவப்பும் வெள்ளையும் வேண்டாம் என்று முதலே சொல்லிவிட்டேன். மிதிவெடி இருக்கிற இடத்துக்குக் கட்டுகிற நிறங்கள் அவை; எங்கள் பக்கத்து மரங்களில் அவற்றைக் கண்டால் இன்றைக்கும் ஒருவரும் கிட்டப் போகமாட்டார்கள். நல்ல செம்மஞ்சள் துணியில் தைத்து, கேட்காமலே கரைக்குச் சரிகையும் வைத்துத் தந்தா.

இவற்றையெல்லாம் விடக் கஷ்டமாக இருந்தது வழி சொல்லக்கூடாது என்ற விதிதான். எங்கள் ஆட்களிடம் ஒருவர் வழி கேட்டால், தெரியாவிட்டாலும் சொல்வார்கள். சொல்லிவிட்டு, ஆற்றை பிள்ளை, எந்தக் குடும்பம் என்று விசாரிப்பார்கள். விசாரித்துச் சொந்தம் கண்டுபிடித்துவிட்டால் கூடவே வந்துவிடுவார்கள். காட்டில் விறகு பொறுக்க வரும் பெண்களை இருத்தி வைத்து நான் விளக்கினேன். அவர்களில் ஒருத்தி, ஒரு பிள்ளை வழி தெரியாமல் நிற்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கச் சொல்கிறாயே, நீயெல்லாம் ஒரு ரீச்சரா என்று கேட்டுவிட்டாள். அந்தச் சனிக்கிழமை மட்டும் விறகுக்கு வரவேண்டாம் என்று தேங்காய் எண்ணெய்ப் போத்தல்கள் கொடுத்துச் சமாளித்தேன்.

இதைக் கேள்விப்பட்டுத்தான் பொன்னம்பலம் அண்ணை ஒருநாள் வேலியடிக்கு வந்தார். தானும் போட்டியில் சேரலாமா என்று கேட்டார். அவருடைய முதுகுக்குப் பின்னால் பராசக்தி அக்கா மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"கலியாண மண்டபத்தைக் கண்டுபிடிக்கேலாதவர் காட்டுக்கை போய்க் கொடி பிடிக்கப் போறாராம்" என்றார் அக்கா.

"எல்லாக் கொடியும் பிடிச்சு நேரத்துக்கு வந்தா?" என்று அண்ணை திரும்பாமலே கேட்டார்.

அக்கா கையை உதறினார். மிளகாய்க் கையோடு ஊசியைத் தொட விரும்பாமல் புறங்கையால் அதைத் தட்டிக் காட்டினார். "வந்தாத் திறப்பு. வராட்டி மோட்டச்சைக்கிள் தம்பிராசாவுக்கு. கௌரி, நீர்தான் சாட்சி."

நான் ஓம் என்றேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். அண்ணை தோற்றால், அந்த மனுஷனை வீட்டுக்குள் பூட்டியது நான் கீறிய வரைபடமாகத்தான் இருக்கும்.

ஓட்டம் மாசி மாதத்துச் சனிக்கிழமை. ஒன்பது மணிக்கு ராகுகாலம் பிறப்பதால், ஏழுக்கும் ஒன்பதுக்கும் இடையில் எல்லாரையும் ஒருவர் பின் ஒருவராக அனுப்பிவிடுவது என்று கூட்டத்தில் முடிவானது. பதினொரு மணிக்குள் எல்லாரும் திரும்பிவிட வேண்டும். சவுக்கு மரங்களுக்கு மேலால் கடல் இரைந்துகொண்டிருந்தது, காலடியில் சவுக்கு இலைகள் மெத்தையாகக் கிடந்தன. நான் எதிர்பார்த்ததைவிடக் கூட்டம். ஓட வந்தவர்களைவிட ஓடுவதைப் பார்க்க வந்தவர்கள் அதிகம், அவர்களைவிட அவர்கள் கொண்டுவந்த சாப்பாடு அதிகம். மரங்களுக்கு நடுவே ஓடுபவர்களைப் பார்க்க முடியாது என்பதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

தம்பிராசா அண்ணை தானே முன்வந்து தொடக்கக் கோட்டுப் பொறுப்பை எடுத்திருந்தார். கொடிகளைக் கட்டுவதற்கென்று காலையில் பொன்னம்பலம் அண்ணையின் மோட்டச்சைக்கிளிலேயே வந்திருந்தார். வாங்குமுன் ஒருதரம் ஓட்டிப் பார்க்கட்டும் என்று அக்காதான் திறப்பைக் கொடுத்து, வந்து இறங்கியதும் திரும்ப வாங்கி ஊசியில் கொழுவிக்கொண்டார். மோட்டச்சைக்கிள் முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் நிழலில் நின்றது. கண்ணாடி மறுபடியும் தம்பிராசாவின் உயரத்தில் இருந்தது.

தொடக்கத்தில் நிற்பவருக்கு வேலை ஒன்றுதான்: பெயரைக் கேட்டு, நேரம் வந்ததும் விசில் ஊதுவது. ஆனால் தம்பிராசா கடைக்காரர். வாசலில் வருகிற ஆளைச் சும்மா அனுப்பி அவருக்குப் பழக்கமில்லை. விசில் ஊதிய அடுத்த நொடியில் பொன்னம்பலம் அண்ணையைப் பார்த்து, வாய் நிறையச் சிரிப்போடு கேட்டார்:

"எங்கை போறியள் அண்ணை?"

புறப்பட்டுப் போகிறவரிடம் எங்கே என்று கேட்டால் போகிற காரியம் உருப்படாது. இதைச் சின்னப் பிள்ளைக்கும் சொல்லித்தான் வளர்க்கிறோம். கேட்க வேண்டுமானால், தூரமோ என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டால், போகிறவர் திரும்பி வந்து, இருந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி இறங்க வேண்டும். பொன்னம்பலம் அண்ணை அப்படியே செய்தார். திரும்பி வந்தார். என்னுடைய பிளாஸ்ரிக் கதிரையில் சாய்ந்து இருந்தார். தண்ணீர் கேட்டார்.

அண்ணை, நேரம் ஓடுகிறது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, மிடறு மிடறாகக் குடித்தார். பிறகு எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டி, வரைபடத்தை வடக்குப் பார்க்கத் திருப்பிப் பிடித்துக்கொண்டு மரங்களுக்குள் போனார். எனக்குத் தம்பிராசாவின் விசிலைப் பிடுங்கி மணலில் புதைக்க வேண்டும் போல் இருந்தது. மனுஷன் வேண்டுமென்று கேட்டாரா, வாய்ப்பழக்கத்தில் கேட்டாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு எல்லாம் நன்றாகவே நடந்தது. இளைஞர்கள் வேர்க்க விறுவிறுக்க வந்து விழுந்தார்கள். அனுமதி தந்த அதிகாரி ஒரு கொடியைத் தவறவிட்டு, மரத்தின் மேல் பழியைப் போட்டார். என் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர், படத்தில் நான் கீறிய மேடு இடம் தப்பி இருக்கிறது என்று எனக்கே பாடம் எடுத்தார்கள். சரியாகத்தான் சொன்னார்கள். அதைக் கேட்டு எனக்கு வந்த சந்தோஷத்தை முகத்தில் காட்டாமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன்.

நேரம் பத்தரையைத் தாண்டியது. எல்லாரும் வந்துவிட்டார்கள், பொன்னம்பலம் அண்ணையைத் தவிர.

பராசக்தி அக்கா அண்ணைக்கென்று வெறுந்தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்த பிளேன்ரீப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு காட்டையே பார்த்தபடி இருந்தார். முதலில், காட்டையும் தாண்டியாச்சு போலை, எந்தக் கலியாணத்திலை பந்தியிலை இருக்கிறாரோ என்று பகிடி விட்டார். பிறகு பகிடி நின்றது. பிறகு என்னிடம் வந்து, சாப்பாட்டுக்கு ஆட்களைக் கூப்பிட வைத்திருந்த ஒலிபெருக்கியில் அண்ணையைக் கூப்பிடச் சொன்னார். சத்தம் வரும் திசையைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார்தானே என்றார். அப்படி வந்தால் அது வழி சொன்னதாகிவிடும், போட்டி செல்லாது என்றேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். விறகு பொறுக்க வந்த பெண் பார்த்த அதே பார்வை.

யாருக்கோ அட்டை சரிபார்த்துக் கொடுத்துவிட்டு நான் திரும்பியபோது கதிரையில் பிளேன்ரீப் போத்தல் மட்டும் இருந்தது. வரைபடமும் இல்லாமல், திசைகாட்டியும் இல்லாமல் பராசக்தி அக்கா காட்டுக்குள் இறங்கிவிட்டார்.

பொறுப்பைத் தம்பிராசாவிடம் கொடுத்து, தயவுசெய்து யாரிடமும் ஒன்றும் கேட்கவேண்டாம் என்று கும்பிட்டுவிட்டு நானும் இறங்கினேன். மணலில் செருப்புத் தடம் கொஞ்சத் தூரம் தெரிந்தது, பிறகு சவுக்கு இலைகளில் மறைந்துபோனது. அக்கா நேரே போவதாக நினைத்துக்கொண்டு கடல் இரைச்சலை நோக்கி வளைந்திருக்கிறார். கடைசிக் கொடி இருந்த மேட்டுக்குப் பின்னால் போனபோது பேச்சுக் குரல் கேட்டது.

விழுந்து கிடந்த சவுக்கு ஒன்றின் மேல் இருவரும் இருந்தார்கள். அக்காவின் மடியில் வார் அறுந்த செருப்பு. முகம் அழுத முகம். அண்ணை தண்ணீர்ப் போத்தலைத் திறந்து குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய சட்டைப் பையில் அட்டை நீட்டிக்கொண்டிருந்தது. அத்தனை கொடிகளின் பென்சில் நிறமும் அதில் இருந்தது, கடைசிக் கொடியின் ஊதாவும்கூட. இனி அவர் செய்ய வேண்டியது ஒன்றுதான். முடிவுக் கோட்டுக்கு நடக்க வேண்டும்.

"அண்ணை, இன்னும் நேரம் இருக்கு. நீங்கள் கெதியா நடவுங்கோ, அக்காவை நான் கூட்டிக்கொண்டு வாறன்" என்றேன்.

அண்ணை எழும்பவில்லை. "இல்லை ரீச்சர். மரத்துக்குள்ளாலை வந்த என்னைப் பாத்து, எங்கை போறியள் எண்டு கேட்டிட்டா. தண்ணி குடிக்காமல் எழும்பேலாது" என்றார். முகத்தில் சிரிப்பு இருந்தது, ஆனால் கை அக்காவின் கையைப் பிடித்திருந்தது.

வாயிலை வந்திட்டுது என்று அக்கா விம்மினார். உங்களைத் தேடித்தான் வந்தன், வந்த இடத்திலை எனக்கே வழி தெரியேல்லை, எந்தப் பக்கம் பாத்தாலும் ஒரே மரம் என்றார். பிறகு மூக்கைச் சேலையால் துடைத்துவிட்டு, நான் பக்கத்தில் நிற்பதையும் பொருட்படுத்தாமல் சொன்னார்:

"நிரோஜா சொன்னாப்பிறகு, ஒவ்வொரு நாளும் விடிய நீங்கள் கண் முழிக்கேக்கை நான் உங்கடை முகத்தைப் பாத்துக்கொண்டுதான் நிக்கிறனான். இண்டைக்கும் என்னைத் தெரியுதோ எண்டு."

அண்ணை போத்தலை மூடினார்.

"எனக்கு அது வேறை கலியாணம் எண்டு சோறு போடேக்கையே தெரியும்" என்றார். "இலை போட்டாப்பிறகு எப்பிடி எழும்புறது? அந்தச் சனம் என்ன நினைக்கும்? சாப்பிட்டாப்பிறகு வெறுங்கையோடை எப்பிடி வாறது? அதுதான் மணிக்கூட்டையும் குடுத்தனான்."

"அதை ஏன் அண்டைக்கே சொல்லேல்லை?"

"நீர் சிரிச்சுக்கொண்டு நிண்டனீர். நிரோஜா போனாப்பிறகு நீர் அப்பிடிச் சிரிச்சதே இல்லை. அதைக் கெடுப்பானேன் எண்டு விட்டிட்டன். பிறகு கதை மாறிப்போச்சு. சொன்னா நம்பவும் மாட்டியள்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதே நேரம் கோபமும் வந்தது. இரண்டு பேரும் இதை வீட்டில், ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் பேசி முடித்திருக்கலாம். அதற்கு ஒரு காடு, ஒரு வரைபடம், என்னுடைய இத்தனை மாதத்துச் சனி ஞாயிறு எல்லாம் தேவைப்பட்டிருக்கிறது.

அண்ணை குனிந்து தன் செருப்பைக் கழற்றி அக்காவின் காலில் போட்டுவிட்டார். சவுக்கங்காய்கள் முள்ளுப் போல் குத்தும். வெறுங்காலோடு அவர் பார்த்துப் பார்த்து அடி வைக்க, பெரிய செருப்போடு அக்கா இழுத்து இழுத்து நடந்தார். வழியை அண்ணைதான் காட்டினார். இதாலை மேற்காலை, அந்த நிரை முடிய வடக்காலை என்று படத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு திருப்பத்திலும் அவர் தவறவில்லை. ஆனால் முடிவுக் கோட்டை நாங்கள் தாண்டியபோது பதினொன்று கடந்துவிட்டது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தம்பிராசா மோட்டச்சைக்கிளைப் பார்த்தார்.

நேரம் கடந்தது என்று எழுதினேன். வேறு எதை எழுதுவது? காலையிலிருந்து எல்லாருக்கும் நேரத்தை உள்ளபடிதான் எழுதியிருக்கிறேன். பராசக்தி அக்கா மேசையில் கையை ஊன்றிக்கொண்டு என்னோடு சண்டைக்கு வந்துவிட்டார். வழியில் நின்றது தானாம், செருப்பு அறுந்தது தன்னுடையதாம், தொடக்கத்தில் கேட்கக்கூடாததைக் கேட்டது தம்பிராசாவாம், அந்த மனுஷன் செய்த பிழை என்னவாம். பிழை ஒன்றும் இல்லை அக்கா, நேரம் மட்டும்தான் இல்லை என்றேன். அண்ணை பக்கத்தில் நின்று, ரீச்சர் சொல்லுறது சரி, நான் தோத்துத்தான் போனன் என்றார்.

அக்கா தலையைக் குனிந்து ஊசியைத் தேடினார். அவசரத்தில் ஊசி விரலில் குத்தியது. திறப்பைக் கழற்றி, அண்ணையின் உள்ளங்கையை விரித்து அதில் வைத்து விரல்களை மூடிவிட்டார்.

"இவவின்ரை மணிக்கூடு சொல்லித்தான் எனக்கு என்ரை மனிசனைத் தெரிய வேணுமோ?" என்று என்னைக் காட்டிக் கேட்டார்.

எனக்கு வந்த சந்தோஷத்தில் அந்தத் திட்டு உறைக்கவே இல்லை. கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். தம்பிராசா அண்ணை ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, தானாகவே போய் ஒரு துண்டால் இருக்கையைத் துடைத்துக் கொடுத்தார். பொன்னம்பலம் அண்ணை ஏறி இருந்து, முதல் வேலையாகக் கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினார். அக்கா பின்னால் ஏறி, ஒரு கையால் பிளேன்ரீப் போத்தலையும் மறுகையால் அண்ணையின் தோளையும் பிடித்துக்கொண்டார். இயந்திரம் இரண்டாம் உதையில் பிடித்தது.

அப்போது தம்பிராசா, பாவம், நல்ல மனதோடுதான் கேட்டார்:

"எங்கை போறியள்?"

அண்ணை இயந்திரத்தை நிறுத்தினார். இருவரும் இறங்கினார்கள். வந்து என்னுடைய பிளாஸ்ரிக் கதிரைகளில் இருந்தார்கள். நான் தண்ணீர்ப் போத்தலை நீட்டினேன்.

தூரமோ அக்கா என்று, கேட்க வேண்டிய மாதிரிக் கேட்டேன்.

புத்தூருக்கு என்றார் அக்கா. வீதிக்கு இந்தப் பக்கத்துக் கலியாண வீட்டுக்கு இன்னும் மணிக்கூடு கொடுக்கவில்லையாம். சொல்லி முடிக்குமுன் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாரே, அதே சிரிப்பு. இந்தத் தடவை என் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பொன்னம்பலம் அண்ணை போத்தலை வாயிலிருந்து எடுக்காமல், மிடறு மிடறாக, அவரைப் பார்த்தபடியே குடித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் முடிந்த பிறகும் போத்தல் வாயில்தான் இருந்தது. நான் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை.